ஜீப்பில் ஈஸ்வரியின் இடம்

போன வாரம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வாசலில் புது ஃப்ளெக்ஸ் பார்த்தேன். ‘தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி.’ பக்கத்தில் கும்பிட்டபடி நாலைந்து முகங்கள். அதில் ஒன்றுகூடப் பிள்ளையின் முகம் இல்லை.

கிழித்திருப்பேன். கை எட்டவில்லை.

திராட்சை வியாபாரிகளைத் திட்டி முந்தின வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்கே சின்னமனூரிலிருந்து ஒரு பெரியவர் போன் போட்டார். “ஏம்மா, ஒரு வாரமாவது சிரிச்சுக்கிட்டு எழுத மாட்டியா?” முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா… இந்த வாரமும் முடியவில்லை.

நூறு சதவீதம் எப்படி வருகிறது, தெரியுமா?

எங்கள் பக்கம் திராட்சையைப் பெட்டியில் அடுக்கும் முன் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு கொத்தாகத் தூக்கிப் பார்ப்பார்கள். வெடித்த பழம், வாடின பழம் எல்லாவற்றையும் சின்னக் கத்தரியால் நறுக்கிக் கீழே போட்டுவிடுவார்கள். மிச்சம் இருக்கிற கொத்து பளபளவென்று இருக்கும். ஒரு குறை சொல்ல முடியாது. மண்ணில் கிடப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

பள்ளிக்கூடத்திலும் அதே வேலைதான். பழத்துக்கு வலிக்காது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நான் தையல் கடை வைத்திருக்கும் ஊர் எது என்று வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். அதனால் நான் சொல்லப் போகிற பள்ளிக்கூடம் வேறு ஏதோ ஊரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பெயரையும் மாற்றிவிட்டேன். அதுகள் அங்கேதான் படித்தாக வேண்டும்.

அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் என்னையும் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். கூட்டம் என்றால் டீயும் மிக்சரும் வரும், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போக வேண்டும். நான் டீ குடிப்பதில்லை. அதனால் எனக்குப் பேச நேரம் கிடைத்துவிடுகிறது. அவர்களுக்கு அதுதான் தொல்லை.

அரையாண்டுத் தேர்வுக்குக் கொஞ்சம் முன்னால், ஒருநாள் சாயங்காலம் சௌமியா கடைக்குள் வந்து நின்றாள். காலனியில் இருக்கிற ஈஸ்வரியின் இரண்டாவது மகள். எட்டாம் வகுப்பு. வாயை மூடத் தெரியாத பிள்ளை.

“டெய்லரக்கா, எங்க அக்காவுக்கு டிசி குடுக்கப் போறாகளாம்.”

“யாரு சொன்னா?”

“சாருதான் சொன்னாக. எங்கம்மாவ வந்து கையெழுத்துப் போடச் சொல்றாக. அம்மாதான் கால ஒடிச்சுக்கிட்டுப் படுத்துருக்கே! நானே போயிக் கேட்டேன். பெரிய ஆளக் கூட்டியான்னு தொரத்தி விட்டாக. நீங்க பெரிய ஆளுதானே?”

“ஒடம்பப் பாத்துச் சொல்றியா?”

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்துத் தையல் மெஷின் மேல் விரித்து வைத்தாள்.

“இங்கன பாருங்க. ஆறு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் படிக்கிறது உரிமைன்னு போட்டுருக்கு. எனக்குப் பதிமூணு. நான் உள்ள இருக்கேன். அக்காவுக்குப் பதினேழு. அப்ப அவளுக்கு உரிமை முடிஞ்சு போச்சா?”

ஊசியில் நூல் கோர்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில் அவள் சீருடைப் பேன்ட் கண்ணில் பட்டது. கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. இந்த வயதில் பிள்ளைகள் எப்படித்தான் வளருதுகளோ! மறுநாள் வாங்கி, மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்துக் கொடுத்தேன். அந்த நிறத்தில் நூல் தீர்ந்துவிட்டது. கறுப்பு நூலில் ஓட்டினேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று.

விஷயம் இதுதான்.

எங்கள் பள்ளத்தாக்கில் விடியும் முன்னே ஜீப்புகள் கிளம்பும். காலனிப் பெண்களை அள்ளிக்கொண்டு மலையேறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். இருட்டுகிற நேரத்தில் திரும்பும். ஈஸ்வரியும் அப்படிப் போகிறவள்தான். புருஷன் திருப்பூருக்குப் போனவர், போனவர்தான்.

இந்த ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருத்திக்கும் ஓர் இடம். அது அந்த வீட்டு இடம். காய்ச்சல் என்றால் அவள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஆனால் அந்த வீட்டிலிருந்து வேறு ஓர் ஆள் வந்து அந்த இடத்தில் உட்கார வேண்டும். நாத்தனார், மாமியார், மகள்… யாராவது. நாலைந்து நாள் ஆள் வராவிட்டால், தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிற கங்காணி வேறு ஒருத்தியை ஏற்றிவிடுவார். ஏறக் காத்திருக்கிற பெண்களுக்கா பஞ்சம்? போன இடம் போனதுதான். அடுத்த இடம் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது.

இதை யாரும் அநியாயம் என்று நினைப்பதில்லை. பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. இங்கே துண்டுக்குப் பதில் ஆள்.

மழைச் சரிவில் வழுக்கி ஈஸ்வரிக்குக் கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, அசையாதே என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை அவளுடைய வேலைச் சட்டையை மாட்டிக்கொண்டு மூத்தவள் பவித்ரா ஜீப்பில் ஏறினாள். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. ஒரு வாரம்தான் என்று சொல்லித்தான் ஏறினாள்.

ஒரு வாரம் எப்போதாவது ஒரு வாரத்தோடு முடிந்திருக்கிறதா?

சௌமியாவைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரைப் பார்க்கப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

“ஒக்காருங்கம்மா. டீ சொல்லட்டுமா?”

“வேணாம் சார். பவித்ராவுக்கு எதுக்கு டிசி?”

“நாங்க குடுக்கலம்மா. அவுகளா வந்து வாங்கிக்கிட்டா நல்லதுன்னு சொன்னோம். இத்தன நாள் வரல. இனி வந்து என்னத்தப் படிக்கும்? அடுத்த வருசம் பிரைவேட்டா எழுதிக்கிரட்டும். நிதானமாப் படிக்கலாம்ல?”

“ஒங்க மகளா இருந்தா சொல்லுவீகளா சார், பிரைவேட்டா எழுதிக்க ஆத்தான்னு?”

அவர் பேப்பர் வெயிட்டை உருட்டினார். “நான் என்னம்மா செய்யட்டும்? ஒரு பிள்ள ஃபெயிலானாலும் அதிகாரிக மீட்டிங்ல என்னைய எந்திரிச்சு நிக்கச் சொல்றாக. ஏன் ஃபெயிலு, ஏன் ஃபெயிலுன்னு கேக்குறாக. பிள்ள ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல.”

“நீங்க கேட்டீகளா?”

சௌமியா என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “நான் சொன்னேன் சார், நீங்கதான் போன்ல இருந்தீக” என்றாள். அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். வலிக்காமல்தான்.

ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருப் பிள்ளை ஒன்று இப்படி வராமல் இருந்தால் டிசி என்ற பேச்சே வராது. அப்பன், சித்தப்பன், மாமன் எல்லாம் பைக்கில் வந்து இறங்கிவிடுவார்கள். “என் பிள்ளைக்கா டிசி?” என்று ஒரே சத்தமாக இருக்கும். காலனிப் பிள்ளைக்கு வந்து இறங்க யார் இருக்கிறார்கள்? கால் ஒடிந்த அம்மா ஒருத்தி. வாயாடித் தங்கச்சி ஒருத்தி. ஊர்த் தையல்காரி ஒருத்தி. எங்களிடம் பைக்கும் இல்லை.

உரிமை என்று புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் இதுதான். கேட்க நாலு ஆள் இருக்கிறவர்களுக்கு அது இருக்கிறது.

கத்தினேன். அசிங்கமாகத்தான் கத்தினேன். பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் தலைமையாசிரியர் கையைத் தூக்கிவிட்டார்.

“சரிம்மா, வரச் சொல்லுங்க. இனிமே ஒருநாள்கூட லீவு கூடாது. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸுக்கு இருக்கணும். ஃபெயிலானா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“சொல்றேன் சார். அந்த மீட்டிங்ல நானே வந்து எந்திரிச்சு நிக்கிறேன்.”

வெளியே வந்ததும் சௌமியா என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். “டெய்லரக்கா, சார் மூஞ்சியப் பாத்தீகளா? டீயக் குடிக்காமலே நமக்குத் தெம்பு வந்துருச்சு!” அன்று கடையில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு தைத்தேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா?

இரண்டு நாள் கழித்துப் பவித்ரா சீருடையைத் தைக்கக் கொண்டுவந்தாள். முழங்கால் கிழிந்திருந்தது. கெட்டித் துணி, அட்டைப்பூச்சி ஏறாது என்று அதைத்தான் தோட்டத்துக்கும் போட்டுப் போயிருக்கிறாள். துணி பூராவும் ஏலக்காய் வாசம். நமக்கெல்லாம் அந்த வாசம் வந்தால் பாயசம் ஞாபகம் வரும். அவள் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு தடவ தொவச்சேன்க்கா… போகல” என்றாள்.

“படிச்சிருவியா?”

“கணக்குப்பதிவியல் மட்டும் கொஞ்சம் புரிஞ்சிருச்சுன்னா பாஸாயிருவேன்க்கா.”

அதிகம் பேசாத பிள்ளை. தைத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் அடுத்த துணியை எடுத்துவிட்டேன். அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை.

நீ இங்கே இருக்கிறாய். ஜீப்பில் யார்?

போன வியாழக்கிழமை விடிகாலையில் பால் வாங்கப் போனேன். முக்கு டீக்கடைக்கு எதிரே ஜீப் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே வேஷம். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. இருட்டில் யார் யாரென்று தெரியாது. நான் பாட்டுக்கு நடந்தேன். பின்பக்கம் ஏறுகிற ஒரு காலின் மேல் டீக்கடை வெளிச்சம் விழுந்தது. சீருடைப் பேன்ட். கீழ் மடிப்பில் கறுப்பு நூல்.

என் தையலை எனக்குத் தெரியாதா?

“ஏய் சௌமியா! எறங்கு கீழ.”

துண்டை இழுத்து முகத்தை மூடப் பார்த்தாள். அப்புறம் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். “சத்தம் போடாதீகக்கா. அக்கா பரீச்ச முடியிற வரைக்கும்தான்.”

“பள்ளிக்கூடம்?”

“எட்டாப்புல எல்லாரும் பாஸுக்கா. யாரும் தேடமாட்டாக. அக்கா வரலன்னாத்தான் தேடுவாக. நாங்க யோசிச்சுத்தான் முடிவு பண்ணுனோம்.”

யோசித்திருக்கிறார்கள். மூன்று பேரும் வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். பிளஸ் டூ பிள்ளை வராவிட்டால் பள்ளியின் சதவீதம் குறையும். எட்டாம் வகுப்புப் பிள்ளை வராவிட்டால் எதுவும் குறையாது. எட்டாவது வரை பெயிலாக்கக் கூடாது, பெயரை நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். அந்தச் சட்டத்தைப் படித்துப் பார்த்து, ஜீப்பில் ஏற இவளே தோதான ஆள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. அவள் வகுப்பு டீச்சரிடம் பிறகு கேட்டேன். “ஒடம்பு சரியில்லன்னு சொல்லி விட்டுச்சும்மா. எட்டாப்புதானேன்னு நானும் விட்டுட்டேன்” என்றார். இரண்டு வாரமாக விட்டிருந்தார்.

உரிமைக்கு உள்ளே இருக்கிறேன் என்று சொன்ன பிள்ளை இவள்.

முன் சீட்டிலிருந்து கங்காணி இறங்கி வந்தார். “என்னம்மா, வண்டிய மறிக்கிறீக? நானா தூக்கிட்டு வந்தேன்? அவுக வீட்டு எடம், அவுக ஆள் விட்டுருக்காக. அங்கன போனா மொதலாளி ‘ஆளெவிடே’ன்னு, ஆள் எங்கன்னு தலைய எண்ணுவாரு. நான் என்ன சொல்ல?”

“பதிமூணு வயசுப் பிள்ளய்யா!”

“தோட்டத்துல பதினெட்டுன்னு சொல்லிருக்கு.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “எறக்கி விடுறவுக ஏறிக்கிருங்க. எடம் காலியாத்தானே கெடக்கும்?”

இன்னொருத்தி, “ஐயய்யோ, டெய்லரம்மா வந்தா அட்டையெல்லாம் ஊரக் காலி பண்ணிட்டு ஓடிரும்டி” என்றாள். ஜீப் முழுக்கச் சிரிப்பு. சௌமியாவும் சிரித்துவிட்டாள். எனக்கும் வேறு ஒரு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும்.

போனை எடுத்தேன். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போடப் போகிறேன் என்றேன். கங்காணியின் முகம் மாறியது.

“எறங்குத்தா” என்றார் அவளிடம். பிறகு என்னிடம், “நாளைக்கு அந்த வீட்டு ஆள் வரலைன்னா வேற ஆள ஏத்திருவேன். சொல்லிப்புட்டேன். அப்புறம் எங்கிட்ட வரக்கூடாது.”

ஜீப் போய்விட்டது. சௌமியா தூக்குவாளியும் கையுமாக ரோட்டில் நின்றாள். காலனி முக்கு வரைக்கும் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். அங்கே வந்ததும் நின்றாள்.

“நாளைக்கு அக்கா போயிரும்க்கா.”

“போகாது. நான் ஒங்கம்மாட்டப் பேசுறேன்.”

பேசினேன். ஈஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மாவுக்கட்டைப் பிரித்து அன்றோடு சில நாள்தான். கால் வீங்கியிருந்தது. பவித்ரா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், வெளியே வரவில்லை.

என் கடையில் பட்டன் கட்டுகிற வேலை, கொக்கி வைக்கிற வேலை இருக்கிறது, உட்கார்ந்தே செய்யலாம், வா என்றேன்.

“பொங்கல் துணி தைக்கிற சீசன் முடிஞ்சிட்டா, ஒங்களுக்கே வேல இருக்காதேக்கா. ஜீப்பு எடம் போச்சுன்னா திரும்ப வராது. எத்தன பேரு காத்துக் கெடக்காக தெரியும்ல?”

“அதுக்காகப் பிள்ளைய அனுப்புவியா ஈஸ்வரி?”

“நான் அனுப்பல. அதுதான் போறேன்னு நின்னுச்சு. அக்காதான் படிக்கிறவ, அவ படிச்சு வந்து என்னையப் படிக்க வைப்பாங்குது.” சேலையை இழுத்து வீங்கின காலை மூடிக்கொண்டாள். “நீங்க சொல்றது நாயந்தான்க்கா. ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போகட்டும். நான் பாத்துக்கிறேன்.”

கங்காணியிடம் பேசிப் பார்ப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்க வசதியான வார்த்தை அல்லவா… ‘நான் பாத்துக்கிறேன்.’ அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை எனக்குப் பால் வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் போனேன்.

ஜீப்பின் பின்பக்கம் இரண்டு பெண்கள் குனிந்து யாரையோ தூக்கிக்கொண்டிருந்தார்கள். “இந்தக் கையப் பிடி… ஊண்டாத, ஊண்டாத… ஏலே டிரைவரு, வண்டிய ஆட்டாதடா!”

ஈஸ்வரி. தன்னுடைய பழைய சட்டையைத் தானே போட்டிருந்தாள்.

ஓடினேன். “ஏய், டாக்டர் என்ன சொன்னாரு ஒனக்கு?”

“ஒக்காந்து காயெடுக்குற வேலதானேக்கா.”

பொய். ஏலத்தோட்டம் முழுக்கச் சரிவு. அவளும் அங்கேதான் விழுந்தாள். எனக்குத் தெரியும், உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரியும். முந்தின நாள் கேலி பேசிய பெண் நகர்ந்து உட்கார்ந்து, தன் துண்டை மடித்து அவள் காலுக்குக் கீழே வைத்தாள். ஈஸ்வரி இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி, ஏதோ மூட்டையை வைப்பதுபோல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். கங்காணி ஹாரன் அடிக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. எல்லோரும் உட்கார்ந்தபின் ஜீப் கிளம்பி மலைப்பக்கம் திரும்பிவிட்டது.

நான் எதைப் பிடித்து நிறுத்துவது? அவளுக்கு வயது பதினெட்டு எப்போதோ தாண்டிவிட்டது. எந்த உதவி எண்ணும் கிடையாது.

பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டேன், ஜெயித்தேன். ஜீப்போடு சண்டை போட்டேன், ஜெயித்தேன். இரண்டு வெற்றியையும் அந்த ஒடிந்த காலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். பிள்ளைக்குப் படிக்கிற உரிமை என்கிறோம். அம்மாவுக்குப் படுத்துக் கிடக்கிற உரிமை இல்லாத வீட்டில் அந்த உரிமையை எங்கே கொண்டுபோய் வைப்பது? கால் கூடும்வரை அந்த இடம் அவளுக்கு இருக்கும் என்று ஒரு மனுஷன் சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. தோட்டத்துக்காரர் சொல்லலாம். கங்காணி சொல்லலாம். சட்டம் போடுகிறவர்கள் சொல்லலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நேற்றுகூடக் கங்காணி வீட்டு வாசலில் நின்றேன். டீ கொடுத்தார்கள்.

பிள்ளைகள் இரண்டும் தினமும் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பவித்ரா குனிந்தபடி போகிறாள். சௌமியா எப்போதும் அந்த முக்கிலிருந்தே “டெய்லரக்கா” என்று கத்துவாள். இப்போதெல்லாம் எதிர்ப் பக்கத்து ஓரமாகவே நடக்கிறாள்.

ஈஸ்வரி வீட்டில் நூறு சதவீத வருகை. அந்த ஃப்ளெக்ஸ்காரர்கள் யாராவது படித்தால், அதற்கும் ஒன்று அடித்து வையுங்கள்.